கறுப்புக் கத்தி

டீ கப்பைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடி விளிம்பில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி. அந்தச் சத்தம் அம்மாவினுடையது.

விருத்தாசலத்தில் அம்மா பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே கழித்துப்போட்ட கப்பில்தான் அவளும் தீட்டுவாள். ரம்ப பிளேடில் செய்த கறுப்புக் கத்தி. அதில் நறுக்கிய கொய்யா கறுத்துப்போகும். அதை ஸ்கூலுக்குக் கொண்டுபோனால் பையன்கள் சிரித்தார்கள். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த சில்வர் கத்தி வீட்டில் சும்மா கிடந்தது.

"அது ரெண்டு நாளுல மழுங்கிடும்டா" என்பாள் அம்மா.

ஒரு நாள் கறுப்புக் கத்தியைக் களிமண் குழியில் எறிந்துவிட்டேன்.

முந்தின நாள் மீன் ஆய அதை வாங்கிப்போனவள் பக்கத்து வீட்டு மேரியக்கா. அம்மா அவளைக் கேட்டாள்.

"அப்பவே குடுத்துட்டேனேக்கா."

"அப்ப கத்திக்குக் காலு மொளச்சிடுச்சா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மேரியக்கா தன்னுடைய கறுப்புக் கத்தியை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வரவேயில்லை.

மனைவி மேரியக்காவின் அந்தக் கத்தியைத் துடைத்தபடி கேட்டாள். "எத்தினி வருஷமானாலும் இதுதாங்க பதம் நிக்குது. யாரு வாங்குனது?"

"அம்மா" என்றேன்.