வாசல்ல மட்டும் ஒரு கை கூட

அல்லிநகரத்துல எங்க சந்துக்குள்ள ஆட்டோ வராது. மழை பேஞ்சா முழங்காலுக்குச் சேறு. ஆட்டோக்காரன் முக்குலயே நிறுத்தி, "இறங்கு ஆத்தா, உள்ள வந்தா வண்டி மாட்டிக்கிரும்"ம்பான். எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூச்சுக் கோளாறு. சந்தோட கடைசி வீடு எங்களுது. அங்கன இருந்து முக்கு வரைக்கும் அவுகளை நடத்திக் கூட்டிப்போறதுக்குள்ள எனக்கு உயிர் போயி உயிர் வரும். ரோடு வந்தா அவுக பிழைச்சுக்கிருவாகன்னு நினைச்சேன். வேற நினைப்பே எனக்குக் கெடையாது.

மனு எழுதிக்கிட்டு நாந்தான் வீடு வீடா ஏறி இறங்குனேன். பன்னெண்டு வீடு, பன்னெண்டு தினுசு. உத்தமபாளையத்துல இருந்து வந்த பாய் குடும்பம், மலையாளத்து நர்ஸம்மா, சர்ச்சுக்குப் போற டீச்சர், வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுற மளிகைக்கடைக்காரர், அனுமந்தன்பட்டியில வயலை வித்துட்டு வந்த நாங்க. நோன்புக் கஞ்சி எல்லா வீட்டுத் தூக்குவாளிக்கும் போகும். குழாயடிக்கு வந்தா மட்டும் குடுமிப்பிடிதான். இருந்தாலும் கையெழுத்தை மறுபேச்சில்லாமப் போட்டாக.

ரெண்டு வருசம் கழிச்சு சிமெண்டு ரோடு வந்துச்சு. இஞ்சினியர் வந்து, தண்ணி முக்குல இருக்குற ஓடைக்கு ஓடுற மாதிரி மட்டம் பாத்து, வீட்டுக்கு வீடு செவத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுட்டுப் போனாக. அவுக மேல குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிப்போகும்.

அவுக தலை மறையவும் நாங்க ஆரம்பிச்சோம். வேலைக்கு வந்தவுகளை வெறும் வயித்தோட விடுற பழக்கம் எங்க சந்துல கெடையாது. முக்குல இருந்து வேலை நகர நகர, மளிகைக்கடை வீட்டுல காப்பி, பாய் வீட்டம்மா சமோசா, நர்ஸம்மா பால் ஊத்தாத கட்டஞ்சாயா. கூடவே எல்லாரும் கொத்தனார் காதுல ஒரே பேச்சுத்தான் சொன்னாக: "அண்ணே, எங்க வாசல்ல மட்டும் ஒரு கை கூடப் போடுங்க. தண்ணி நிக்காம இருக்கட்டும்." நானும் உளுந்த வடை சுட்டுவச்சுக் காத்திருந்தேன். கடைசி வீட்டுக்கு வந்த கொத்தனார் வடையைத் தின்னுட்டு, நானும் அதையே கேக்கவும், "கலவை பூரா மேலயே தீந்துபோச்சு ஆத்தா. மிச்சம் இருக்குறதுதான் உனக்கு"ன்னு கையை விரிச்சாரு. எங்க வாசல்ல மட்டும் ரோடு சுண்ணாம்புக் கோட்டுக்குக் கீழயே நின்னுபோச்சு.

மறுவாரம் ஆட்டோ எங்க வாசல் வரைக்கும் வந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக ஏறி உக்காந்துக்கிட்டு, "கவுன்சிலரம்மா, உங்க ரோட்டுல போவமா?"ன்னு கேட்டாக. சிரிச்சதுல இருமல் வந்துருச்சு. நானும் சிரிச்சேன், பாவி.

ஐப்பசி பொறந்துச்சு. காலையில இட்லிக்கு மாவு ஊத்திக்கிட்டிருக்கேன், அடுப்படியில காலு நனையுது. பன்னெண்டு வீட்டு வாசல் தண்ணியும் ஓடைக்குப் போகாம, திரும்பி எங்க வீட்டுக்குள்ள வருது. வாளி வாளியா இறைச்சேன். கட்டிலுக்குச் செங்கல் கொடுத்தேன். மூணு நாளா மழை விடலை. செவரெல்லாம் ஓதம் ஏறி, அந்த ஈரத்துல அவுகளுக்கு இழுப்பு கூடிருச்சு. மூணாம் நாள் மத்தியானம் மூச்சு உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. நான் தண்ணிக்குள்ள நின்னு கத்துன கத்தல்ல சந்தே ஓடி வந்துச்சு.

பாயும் மளிகைக்கடைக்காரரும் கட்டிலோட தூக்குனாக. முழங்காலளவு தண்ணியில நர்ஸம்மா அவுக தலையைத் தாங்கிக்கிட்டே வந்தாக. பாய் வீட்டு வாசல்தான் மேடு. அங்கன, சன்ஷேடுக்குக் கீழ, கட்டிலை இறக்கி வச்சாக. ஆட்டோ வந்து பக்கத்துலயே நின்னுச்சு. நர்ஸம்மா நாடியைப் பிடிச்சுப் பாத்தாக. திரும்பப் பாத்தாக. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாக.

பாய் வீட்டம்மா எம்பக்கத்துல உக்காந்து, முந்தானையால என் மூஞ்சியைத் துடைச்சு விட்டாக.

"ஒரு கை கூடத்தான் கேட்டேன் தாயி. இப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியலையே."

"நானுந்தான் கேட்டேன்"னேன். "எனக்குக் கெடைக்கலை. அம்புட்டுத்தான்."