என் கணவர் மண்டையை உடைத்தவள்

இன்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நர்ஸம்மா, நல்லா இருக்கீகளா? ஒங்க வீட்டுக்காரர் மண்டைய ஒடச்சவ நான்.”

நெற்குப்பை ஊர்க்காரி செல்வி! தொண்ணூறுகளில், புருஷன் உலக்கையால் அடித்துக் கை முறிந்து, எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள்.

அவள் வார்டில் இருந்தபோது ஒருநாள் அடுத்த ஷிப்ட் நர்ஸ் வரவில்லை. வார்டை விட்டு என்னால் நகர முடியவில்லை. பொழுது சாய்ந்ததும் என் கணவர் வார்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

“பிள்ளைக பசியில கெடக்கு. நீ இங்க ஊருக்கு ஊழியம் பாக்குறியா?”

கன்னத்தில் அவர் விட்ட அறையில் மருந்துத் தட்டோடு கீழே விழுந்தேன். முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

செல்வி மட்டும் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். நல்ல கையால் தூக்குவாளியை ஓங்கி அவர் நெற்றியில் இறக்கினாள். ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது.

“எம் புருசனத்தான் திருப்பி அடிக்க முடியல,” என்றாள் மூச்சு வாங்கியபடி.

அவர் காயத்தில் பஞ்சை வைத்து அழுத்தியது நான்தான். வார்டில் வேறு நர்ஸ் இல்லையே.

“அதுக்கப்பறம் ஒங்க மேல கை வச்சாரா?” என்று இன்று கேட்டாள்.

“ஆஸ்பத்திரிக்குள்ள வைக்கல,” என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டோம்.

பெண் வேலைக்குப் போவதால்தான் வீட்டில் சண்டை வருகிறது என்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? செல்வி எந்த வேலைக்கும் போனதில்லை.