வரவில்லை என்று சொன்ன ஓ.டி.பி.

என் மகளின் டாக்டர் படிப்பையே நான் தடுக்கப் பார்த்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

விழுப்புரம் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியைத்தான் கவுன்சலிங் விருப்பப் பட்டியலில் முதலாவதாகப் பதிந்திருந்தோம். திண்டிவனத்திலிருந்து தினமும் போய் வரலாம். ஃபீஸுக்கு, வேர்க்கடலை போடும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையை விற்கத் தயாராக இருந்தேன். கணவர் இறந்த பிறகு அவளைப் பிரிந்து நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

கடைசி நாள் மாலை என்னை பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போனாள்.

"தெக்க இருக்கிற கவர்மென்ட் காலேஜ மொத எடத்துக்கு மாத்தப் போறேம்மா. ஃபீஸ் கம்மி. பேஷன்ட்டுங்க ஜாஸ்தி, அங்கதான் நல்லா கத்துக்க முடியும்."

ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். அப்போது நாலே முக்கால். உள்ளே நுழையத் தேவையான ஓ.டி.பி. என் போனுக்கு வந்தது. பார்த்துக்கொண்டே, "வரலடி" என்றேன்.

மறுபடி அனுப்பவைத்தாள். வந்தது. "டவர் இல்ல போல" என்றேன்.

நாலு ஐம்பத்தைந்து. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கொல்லய வித்துட்டு நீ கூலிக்குப் போவ. அதையே நெனச்சிக்கினு நான் எப்படிம்மா படிப்பேன்?"

மூன்றாவது முறை போன் அதிர்ந்ததும் அவளிடம் நீட்டினேன். வந்திருந்த மூன்று ஓ.டி.பி. எண்களும் வரிசையாகத் தெரிந்தன. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கடைசி எண்ணைத் தட்டினாள். பட்டியல் மாறியது.

இப்போது அந்த அரசுக் கல்லூரியில்தான் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்த ஓ.டி.பி.யைப் பற்றி அவள் இன்றுவரை கேட்டதில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறேன். "சாப்ட வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.