அடுப்பறையில் பக்கூம்

2019 பிப்ரவரி 17, ஞாயிறு, காலை நாலேகால் மணி. “கண்ணைத் தொறந்து பாருடா, கிழட்டுக் கழுதை! கை நடுங்குது பாரு!” எகிப்தின் மல்லவி ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த குரு, ‘அபூனா’ (தந்தை) ஹெத்ரா, பக்கூமின் குரலை முதன்முதலில் கேட்டது இப்படித்தான். யாரோ திட்டு வாங்குகிறார்களே என்று அடுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பக்கூமைத் தவிர எவருமில்லை.

கோயிலுக்கு ரொட்டி சுடும் அவருக்கு அறுபத்தாறு வயது. புருவம்வரை மாவு. பலிபீடத்துக்குரிய ரொட்டியில் உப்புச் சேர்க்கக் கூடாது. வேதாகமச் சங்கீதம் சொல்லாமல் பிசையக் கூடாது. உருண்டையைத் தட்டி, சிலுவை செதுக்கிய மர முத்திரையை அழுத்தி, ஐந்து துளையிட்டு அடுப்பில் விடுவார். வெடித்ததும் கருகியதும் பீடத்துக்குப் போகா. பூசை முடிந்தபின் மக்களுக்குப் போகும். அவற்றைக் கூடையில் அடுக்கும்போது பக்கூமின் குரலே வேறாகிவிடும். “வெடிச்சிட்டியாடி தங்கம்? இருக்கட்டும், இருக்கட்டும். உள்ள நல்லா வெந்திருக்க. உனக்குன்னு ஒரு வாய் காத்திருக்கு.” அடுத்த கணமே தட்டு கோணலாக வந்துவிட்டால், “கழுதை!” அது தமக்கு.

பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொரு கையிலும் ஒரு ரொட்டி வைப்பார். தாம் ஒரு துண்டும் வாயில் போடமாட்டார். நற்கருணை வாங்கவும் முன்னே வரமாட்டார். கூடையை உதறி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், நேற்றைய அவித்த மொச்சையைச் சூடாக்கித் தனியே தின்பார். ஏன் என்று கேட்பதை ஊர் எப்போதோ விட்டுவிட்டது. அபூனா கேட்டார்.

“பதினோரு வருசமாச்சு, அபூனா. எம் பொஞ்சாதி பஹீஜா இந்த வாசல்ல நின்னு, நெஞ்சு அடைக்குது, வீட்டுக்கு வான்னா. இந்த ஒரு தட்டு வெந்துரட்டும்னேன்.” பக்கூம் சிந்திய மாவைப் பெருக்கத் தொடங்கினார். “தட்டு வெந்துச்சு. அவ போயிட்டா.”

“கடவுள் மன்னிச்சிட்டாரு, அண்ணே.”

“தெரியும். அவரு பெரியவரு. நான் அவ்வளவு பெரிய ஆளு இல்ல.”

வெள்ளிக்கிழமைகளில் ரொட்டி சுடும் வதீ, மறுவாரம் அபூனாவின் காதருகே வந்து சொன்னார்: “பஹீஜா போன அன்னைக்கு வெள்ளிக்கெழமை. என் முறை. நான் தூங்கிப்போனதாலதான் அவன் வந்து நின்னான். இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. நாலு அறை விட்டிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்.”

ஆகஸ்டு மாதக் கன்னி மரியாள் திருநாளுக்கு இருவரும் சேர்ந்து சுட்டார்கள். வதீயின் கையிலிருந்து ஒரு தட்டு முழுவதும் தணலில் சரிந்தது. பக்கூம் ஒரே எட்டில் பாய்ந்தார். “கை சுட்டுச்சா? காட்டு, காட்டு. தட்டு கெடக்கட்டும்டா!” கொப்புளம் கண்ட விரல்களுக்கு ஈரத்துணி சுற்றினார். துணி நழுவியதும் தம்மையே திட்டத் தொடங்கிவிட்டார்: “ஒரு கட்டுப் போடத் தெரியுதா, கழுதை?”

வாசலில் நின்ற அபூனாவுக்குப் பொறுக்கவில்லை. “வதீயை நீங்க அப்படிச் சொன்னா நான் சும்மா இருப்பேனா? உங்களையும் கர்த்தர்தான் பிசைஞ்சாரு, அண்ணே. அவரு கைமாவைக் கழுதைன்னு சொல்ல உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தது?”

பக்கூம் தணலில் கிடந்த தட்டை எடுக்கக் குனிந்தார். அன்று பூசை முடியும்வரை அடுப்பறையிலிருந்து திட்டும் கேட்கவில்லை, சங்கீதமும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது கூடையில் வெடித்த ரொட்டி ஒன்று மிஞ்சியிருந்தது. துணி சுற்றிய கையோடு வதீ எதிரே வந்து நின்றார். “பக்கூமு, அன்னைக்கு வெள்ளிக்கெழமை…”

“ஆறிப்போகும், தின்னு.” பக்கூம் ரொட்டியைப் பிட்டு, திறந்த அந்த வாயில் ஒரு பாதியை வைத்து அடைத்தார். மறுபாதியைக் கையில் ஏந்தியபடி, எவருக்கும் தம் முகம் தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “வெடிச்சிட்டியா?” என்றார், மிகத் தாழ்ந்த குரலில். “இருக்கட்டும், பக்கூம். சாப்பிடு.”

அந்தப் பாதியை மென்று விழுங்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.