எட்டாம் நம்பர் கால்

திருவொற்றியூரில் கன்டெய்னர் அடுக்கும் யார்டு ஒன்றில் வேம்புவுக்கு வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஒரு சீல் இருக்கும். அதன் எண்ணும் டிரைவர் நீட்டும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிடுவாள். "ஒரு எழுத்துதானம்மா, பரவால்ல வுடு" என்று கேட்டுப் பார்த்த டிரைவர்கள் பலர். பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் ஹாரன் அடித்தாலும் அவள் முகம் மாறாது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து முன்பெல்லாம் ஷேர் ஆட்டோவில்தான் போவாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நின்றால் ஆட்டோவும் நிற்கும். மகள் எழில்மொழி பிளஸ் டூ முடித்தபின், பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. ஒருநாள் காலையில் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நிற்கும் லாரிகளுக்கு நடுவே அது பாட்டுக்கு நுழைந்து போயிற்று.

"இத்தினி வருசம் சொம்மா ஆட்டோக்காரன் முதுகையே பாத்துகினு குந்தினு இருந்தேன்யா" என்றாள் அன்று மாலை கணவனிடம்.

துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருக்கும் பரசுராமன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லாரிக்காரன் உன் முதுக பாத்துடப் போறான். ஓரமா போமே."

ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் வரை சைக்கிளில் போய்வரும் கூட்டம் ஒன்று உண்டு. அதற்குத் தலைவன் மாதிரி இருப்பவன் ஜெனிஷ். ராயபுரத்தில் ஹார்டுவேர் மொத்தக் கடை வைத்திருக்கும் நாகர்கோவில் குடும்பத்துப் பிள்ளை. ஒரு ஞாயிறு ஓவர்டைம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வேம்பு அந்த இலவச சைக்கிளிலேயே அவர்கள் எல்லோரையும் முந்திப் போனாள். துரத்திப் பிடிக்க அவனுக்கு விம்கோ நகர் வரை ஆயிற்று.

"அக்கா, நாங்க எல்லாம் வெயிட் கம்மியான வண்டி வாங்கி அழுதுட்டு கெடக்கோம். நீங்க இரும்ப ஓட்டிட்டு முந்திப் போறீங்க. ஞாயம்தானா இது?"

"நேரமாச்சு தம்பி. கேட்டு மூடிடுவான்."

அடுத்த மாதமே அவனுடைய பழைய ரேஸ் சைக்கிள் அவளுடையதாயிற்று. அதைத் தினமும் மூன்று மாடி தூக்கி ஏற்றி, புத்தர் படத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து வைப்பாள்.

சைக்கிள்காரர்கள் கூடினால் சைக்கிளை ஓட்டும் நேரத்தைவிடப் பேசும் நேரம் அதிகம். எண்ணூர் பாலத்துக்கு முன்னால், காத்திவாக்கம் பக்கத்து டீக்கடையில் ஞாயிறு தோறும் அது நடக்கும். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று, இது எந்த ஊர் நியாயம் என்பதில் ஆரம்பிக்கும். லாரி டயரிலிருந்து உதிரும் கம்பித் துண்டால் யாருக்கு எத்தனை பஞ்சர் என்று போகும். மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் தீனா செல்போனைத் தூக்கிக் காட்டி, "ஆப்புல ஏறலன்னா நீ ஓட்டனதே இல்ல, தெரிஞ்சிக்கோ" என்பான். "அப்போ என் தொட வலிக்குதே, அத்த எங்க ஏத்தறது?" என்று வேம்பு கேட்பாள்.

அந்தப் பேச்சில்தான் இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் அவள் காதில் விழுந்தது. விடியலில் திருவொற்றியூரில் கிளம்பி, ஆந்திராவில் நாயுடுபேட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். இருட்டி ரொம்ப நேரம் ஆவதற்குள் வந்து சேர்ந்தால் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பரிசு எதுவும் கிடையாது. ஆனாலும் அதை முடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. தனக்கென்று ஆசைப்பட்டு அவள் கேட்டது அதிகமில்லை என்பதால் பரசுராமனும் மறுக்கவில்லை.

அவ்வளவு தூரத்துக்குச் செருப்பு சரிவராது என்று எல்லோரும் சொன்னார்கள். சைக்கிளுக்கென்றே ஷூ இருக்கிறது. அடிப்பாகம் பலகை மாதிரி வளையாது. அதில் ஒரு கட்டை பதித்திருக்கும். பெடலோடு அது மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால்தான் விடும். வேம்பு ஆன்லைனில் எட்டாம் நம்பர் போட்டு வாங்கினாள். முதல் நாளே டோல்கேட் சிக்னலில், திருப்ப மறந்து, நின்ற இடத்திலேயே வண்டியோடு சாய்ந்தாள். பக்கத்து லாரியிலிருந்து கிளீனர் எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, காலயும் வண்டியயும் வெல்டிங் பண்ணிகினியா?"

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். விழுவது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. கால் மரத்துப்போவதுதான் பேஜாராக இருந்தது. இரண்டு மணி நேரம் மிதித்தால் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கும். வார்களை இழுத்துக் கட்டினால் கொஞ்ச தூரத்தில் விரல்கள் காணாமல் போய்விடும். போன வருஷ ஓட்டத்தில், திரும்பும் வழியில் சூலூர்பேட்டையில் இறங்கியபோது அவளால் வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சைக்கிளோடு ஒரு மினி லாரியில் ஏறி வீடு வந்தாள். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு டீக்கடையில் அவள் கால்தான் பேச்சு. சீட்டை இறக்கு என்றான் ஒருவன். ஏற்று என்றான் இன்னொருவன். கட்டையைப் பின்னால் தள்ளிப் பார், உப்பைக் குறை, வாழைப்பழம் சாப்பிடு. ஜெனிஷ் வீட்டிலிருந்து ஒரு தைலமே கொண்டு வந்தான். வேம்பு ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். வாழைப்பழத்தால் எந்தப் பயனும் இல்லை என்று அடுத்த ஞாயிறு வந்து ஒழுங்காகத் தெரிவித்தாள்.

இந்த வருஷ ஓட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். சாம்பல் தூசியில் கறுத்த சாக்ஸ் வந்தது. அதற்குள் இன்னொரு சாக்ஸ் இருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஜெரினா, கூட்டத்துக்குப் புதியவள், கையில் டீயோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, வெங்காயமா? உரிக்க உரிக்க வந்துட்டே இருக்கு."

"ரெண்டு போட்டாத்தான் நிக்கும். எப்பவும் அப்டித்தான்."

"எப்பவும்னா?"

"யார்டு ஷூவுக்கும் ரெண்டுதான்."

"உங்க சைஸ் எட்டுன்னு யார் சொன்னா?"

வேம்பு யோசித்தாள். "ஸ்டோர்ல குட்தாங்க."

அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அப்படித்தான். செருப்பு என்றால் எம்.சி. ரோட்டுக் கடைகளில் காலை விட்டுப் பார்த்து வாங்குவது. அதன் நம்பரை யாரும் கேட்பதில்லை. ஷூ என்றால் வேலைக்குச் சேரும் அன்று ஸ்டோரில் கொடுக்கும் இரும்பு மூக்கு வைத்த ஷூ. ஆண்களுக்கென்று வாங்கி வைத்த இடத்தில் எட்டுதான் இருப்பதிலேயே சின்னது. "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டாள். அவள் கால் முன்பக்கம் அகலம். அந்த அகலத்துக்கு எட்டு போதுமாக இருந்ததால், நீளம் கூடுதல் என்று தோன்றவே இல்லை. யாராவது கேட்டால் எட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டது.

ஜெரினா பெஞ்சில் கிடந்த பேப்பரைத் தரையில் விரித்து, காலை வைக்கச் சொல்லிப் பேனாவால் சுற்றி வரைந்தாள். செல்போனில் பார்த்துவிட்டு, "நீளத்துக்கு ஆறுதான்க்கா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தீனா மட்டும் சிரிக்காமல் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். "ஏன் மாமு, எனக்கும் ஒம்போதுன்னு கம்பெனிலதான் சொன்னாங்கோ..."

"நீயும் கழட்டு" என்றான் ஜெனிஷ். தீனா கழற்றினான். உள்ளே முன்பக்கம் துணி சுருட்டி வைத்திருந்தது. கடைக்காரர் கல்லாவிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வேம்பு சிரித்து முடித்ததும், ஊரார் காகிதத்தில் இருக்கும் ஒரு எழுத்தைக்கூட விடாத தான், தன் காலை இத்தனை வருஷம் பார்க்காமல் விட்டதை நினைத்துக் கொஞ்சம் கோபப்பட்டாள். கோபத்தை வைத்துக்கொண்டு அவள் சும்மா இருப்பவள் இல்லை. திங்கட்கிழமையே யார்டு ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சவரிநாதன் முன்னால் போய் நின்றாள்.

"ஆறாம் நம்பர் வேணும்ண்ணே."

"ஆறு இங்க வந்ததே இல்லம்மா."

"யாரும் கேக்கல, வரல. நான் கேக்கறேன்ல, வர வை."

அவர் எழுதிக்கொண்டார். அது வரும்போது வரட்டும் என்று அவள் சைக்கிள் ஷூ தேடக் கிளம்பினாள். வேலை முடிந்து, நாளெல்லாம் நின்ற கால் வீங்கியிருக்கும் நேரத்தில்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜெரினா சொல்லியிருந்தாள். இருவரும் மாலையில் கடை கடையாக ஏறினார்கள். பெண்களுக்கான ஆறு நீளத்தில் பொருந்தியது, சுண்டுவிரலை நசுக்கியது. ஒரு கடையில் ஊதா நிறத்தில், பூ வேலையோடு ஒன்று. எழில்மொழிக்குப் போட்டோ அனுப்பினாள். 'செம்மயா கீதும்மா, வாங்கு' என்று பதில் வந்தது.

"போடப் போட லூஸாயிடும் மேடம்" என்றார் விற்பவர்.

வேம்பு அடிப்பாகத்தை விரலால் தட்டினாள். "பலகை எப்டி சார் லூஸாவும்?"

ஜெரினாவுக்கே கால் வலித்தது. "அக்கா, கொஞ்சம் பிடிச்சா என்ன? நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள். ஊதா ஷூவை வேம்பு இன்னொரு முறை பார்த்தாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பல மாலைகள் போயின. கடைசியில் ஒரு கடையின் மூலையில், யாரும் எடுக்காத கறுப்பு ஷூ ஒன்று கிடைத்தது. ஆண்களுக்கானது, சின்ன அளவில், அகலமான காலுக்கென்று செய்தது. பார்ப்பதற்கு வாத்து மூக்கு மாதிரி இருந்தது. ஒரே சாக்ஸ் போட்டு உள்ளே விட்டாள். வார்களைக் கட்டினாள். கடைக்குள்ளேயே டக் டக்கென்று நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். விற்பவர் விளக்கை அணைக்க ஆரம்பித்த பிறகுதான், "இதான்" என்றாள்.

வீட்டில் பரசுராமன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இன்னாமே, இவ்ளோ கடை ஏறி இந்த மூஞ்சியத்தான் இட்டாந்தியா?"

"உன்னயும் அப்டித்தான்யா இட்டாந்தேன். ஒயுங்கா ஓடல?"

ஓட்ட நாளில் நாயுடுபேட்டை வரை காற்று தள்ளிக்கொண்டு போனது. திரும்பும்போது எதிரே நின்றது. வேம்பு முன்னால் போனாள். ஜெனிஷும் ஜெரினாவும் அவள் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்துகொண்டு வந்தார்கள். சூலூர்பேட்டை நெருங்கியதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கால்களையே பார்த்தார்கள். அவை ஒரே அளவில் சுற்றிக்கொண்டிருந்தன. ஊர் கடந்தது. வயல்கள் வந்தன. ஜெரினா தண்ணீருக்கு நிறுத்தச் சொன்னாள்.

வேம்பு பாட்டிலைத் திறந்துகொண்டே கேட்டாள். "அந்த சூலூர்பேட்டை எப்ப வரும் தம்பி? அங்க கால பாத்துக்கணும்."

ஜெனிஷ் ஜெரினாவைப் பார்த்தான். "அது தாண்டி ரொம்ப நேரமாச்சுக்கா."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு குனிந்து கறுப்பு ஷூவைப் பார்த்தாள். பாட்டிலை மூடி, காலை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

திருவொற்றியூரில் விளக்குகள் எரிய ஆரம்பித்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. முடிக்கக் கொடுத்த நேரத்தில் இன்னும் மிச்சமிருந்தது. முடிக்கும் இடத்தில் டிபன் டப்பாவோடு நின்ற பரசுராமன், அவள் குதிகாலைத் திருப்பித் தரையில் ஊன்றுவதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"கால் எப்டி கீது?"

"எந்தக் கால்? டப்பாவ தொறயா, பசிக்குது."