ஆயா கண்ணில் படாத எறும்புகள்

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் ஆயா. நான் அதே ஆஸ்பத்திரியில் சலவைத் துணி வண்டி தள்ளுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள்; பேனா பிடித்தால் கை கூசும். இருந்தாலும் இவளைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். அந்த யாராவது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

பதினெட்டு வருஷமாக அவளுக்கு மூன்றாம் மாடியில் கடைசி அறைதான் வேலை. போதை மாத்திரை, காளான், ஊமத்தங்காய் என்று எதையாவது தின்றுவிட்டு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தவர்களை அங்கேதான் படுக்க வைப்பார்கள். ஒருவருக்குக் கூரை இறங்கி வரும். ஒருவருக்குச் செத்துப்போன அப்பா வந்து கட்டிலில் உட்காருவார். ஒரு அம்மா தன் பத்து விரலும் பத்துக் குழந்தைகள் என்று ஒவ்வொன்றையும் தூங்க வைத்தாராம். வைத்தியம் பார்ப்பது டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இவள்.

அதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. "அங்க ஒண்ணுமில்ல" என்று சொல்லமாட்டாள். "ஆமா, எனக்கும் தெரியுது" என்றும் சொல்லமாட்டாள். "உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல." அவ்வளவுதான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆண்டவன் குடுத்த கண்ணு இது. இல்லாததப் பாத்தேன்னு இது மேல எப்படிங்க சத்தியம் பண்றது?" என்றாள்.

ஒருநாள் காலையில் ஓவிய வாத்தியார் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கும். புதுப்புது நிறமெல்லாம் தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பி, போதை மருந்தில் நனைத்த காகிதத்துண்டை நாக்கில் வைத்துக்கொண்டாராம். நிறம் தெரிந்தது. கூடவே தரைக்கல் இடுக்கிலிருந்து எறும்பும் வரிசை வரிசையாக வந்தது. "இது மருந்து பண்ற வேலை, மருந்து பண்ற வேலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தார்.

என் வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கப் போன நேரம், பெரிய நர்ஸம்மா உள்ளே வந்தார். நல்ல மனசுக்காரர். மனுஷன் இப்படி நடுங்குகிறாரே என்று, "ஆமா சார், நானும் பாத்தேன். எல்லாத்தையும் பெருக்கித் தள்ளிட்டேன். தூங்குங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் வாத்தியார் அதுவரை பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடி போய்விட்டது. "அப்போ நிஜமாவே இருக்கா!" என்று அலறி எழுந்து, கண்ணாடி துடைப்பதற்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னலில் ஏறி நின்றுவிட்டார்.

சத்தம் கேட்டு நான் வண்டியோடு ஓடினேன். காவலாளிகள் இரண்டு பேர் பிடிக்கப் போக, வாத்தியாரின் ஒரு கால் வெளியே போனது. தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்த என் வீட்டுக்காரி அவர்களைத் தடுத்துவிட்டு, அந்தத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வாத்தியாரே, எறும்பு என்ன நிறம்?"

"ஊதா. மீசை மட்டும் பச்சை."

"உங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

"பொய் சொல்ற! அந்தம்மா பாத்தேன்னாங்களே!"

அவள் திரும்பி நர்ஸம்மாவைப் பார்த்தாள். அறை நிறைய ஆள். டாக்டரும் வந்துவிட்டார். முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற அம்மாவை, தரை துடைக்கிற ஆயா எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது? கேட்டாள்.

"அம்மா, நீங்க பாத்தீங்களா?"

நர்ஸம்மாவின் முகம் சிவந்துவிட்டது. இவள் வேலை போனால் போகட்டும், அந்த மனுஷன் உயிர் போகக்கூடாது என்று நான் கடவுளைக் கும்பிட்டேன்.

"இல்ல சார்" என்றார் நர்ஸம்மா. "பாக்கல. நீங்க பயப்படறீங்களேன்னு பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

வாத்தியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ மருந்துதானா?"

"மருந்துதான்" என்றார் டாக்டர். "சாயங்காலத்துக்குள்ள போயிடும்."

"அதுவரைக்கும்?"

"நான் உக்காந்திருக்கேன்" என்றாள் என் வீட்டுக்காரி. "அதோ நிக்கறாரே, என் வீட்டுக்காரர், அவர் கூப்பிட்டாலும் எழுந்திரிக்க மாட்டேன். வழக்கமாவே அவர் கூப்பிட்டா எழுந்திரிக்கிறதில்ல, அது வேற விஷயம்."

வாத்தியாருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வெளியே போன கால் உள்ளே வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நர்ஸம்மா போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இன்னும் என்னங்க வேடிக்கை? ஆபரேஷன் அறையில துணிக்குக் காத்திருப்பாங்க" என்று என்னை விரட்டினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"மூணாவது மாடியில என்னப்பா கலாட்டா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"கலாட்டாவா? அங்க இருக்கிறது என் வீட்டுக்காரிண்ணே!" என்றேன்.