கீழ் எண் நன்றாகத்தான் இருந்தது

என் அப்பா திருச்செல்வம் மலேசியாவின் பத்து பாகாட் நகரில் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச் சென்று, மாலையில் அவரவர் வீட்டருகே இறக்கிவிடுவார். உடம்பு முடியவில்லை என்று அவர் விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு லைசன்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று தேவைப்பட்டது. நானும் உடன் போனேன். டாக்டர் ஷாமளா இரத்த அழுத்தம் பார்த்தார். மேலே நூற்று எண்பது, கீழே எழுபது.

“கீழ நல்லா இருக்கே டாக்டர்,” என்றார் அப்பா.

“மேலயும் கீழயும் இவ்வளவு தூரம் இருக்கிறதுதான் கவலை அங்கிள். இரத்தக் குழாய் இறுகிப்போனா இப்படித்தான் காட்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் விரிஞ்சு கொடுக்கணும். உங்களுக்கு விரியல, இதயம் முட்டித் தள்ளுது. இப்படியே விட்டா ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் எது வேணும்னாலும் வரலாம்.”

“எனக்கு ஒரு வலியும் இல்லையே.”

“வலிக்காது அங்கிள்.”

மாத்திரை கொடுத்தார். அழுத்தம் இறங்கும்வரை சான்றில் கையெழுத்திட மாட்டேன் என்றார்.

பேருந்து நிறுத்துமிடத்தில் இன்னொரு ஓட்டுநரான கனகராஜ் மாமா சிரித்தார். “வேற கிளினிக் போங்கண்ணே. மூஞ்சியப் பாத்தே சர்டிபிகேட்ல சாப் முத்திரை அடிச்சிருவாங்க லா.”

பழைய லைசன்ஸ் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஆனால் மறுநாளே அப்பா வேறொரு ஓட்டுநரை அழைத்துப் போய், பேருந்துப் படியில் நின்று பேசினாராம்.

“எனக்கு பிரஷர் சரியில்ல. ஓட்டுறப்ப எனக்கு ஏதாச்சும் ஆனா உங்களுக்கும் ஆகும். இனி இவரு ஓட்டுவாரு.”

முன் இருக்கையிலிருந்த கிருஷ்ணம்மா அக்கா விடவில்லை. “நேத்து வரைக்கும் எங்கள ஏத்திக்கிட்டுப் போனீங்களே, அப்ப தெரியலையா?”

“தெரியல. தெரிஞ்சதும் சொல்லிட்டேன்ல.”

அப்பா இதை வீட்டில் சொல்லவே இல்லை. கிருஷ்ணம்மா அக்காதான் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அதன்பின் குறைந்த சம்பளத்துக்குப் பேருந்துகளைக் கழுவினார். கருவாட்டை விட்டார், சிகரெட்டை விட்டார். மாலையில் திடலைச் சுற்றி நடந்தார். சில மாதங்கள் கழித்து டாக்டர் ஷாமளா சான்றில் கையெழுத்திட்டார். “குழாய் பழையபடி இளகிடாது அங்கிள். பிரஷர் அடங்கியிருக்கு, அவ்வளவுதான். மாத்திரைய நிறுத்திடாதீங்க.”

இப்போது காலையில் கிருஷ்ணம்மா அக்கா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்கிறார்.

“இன்னிக்கு எவ்வளவுண்ணே?”

“நூத்தி முப்பது.”

“சரி, ஏறலாம்.”

பின்னால் நிற்கும் பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள். எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்துவிட்டு அப்பா பேருந்தை எடுக்கிறார்.